நிழலுக்கு ஒரு பசுந்தரை

தில்லியில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களின் தரைத் தளத்தில் வாழும் அன்பர்கள் பலர், வேப்பமரத்தடியில் நட்ட அருகம்புல் சில மாதங்களில் மறைந்து வெறும் மண்ணே எஞ்சுகிறதென்று நம்மிடம் முறையிடுகின்றனர். அருகு வெயிலின் பிள்ளை. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் நேர் வெயில் படாவிடின் அது மெலிந்து மாயும். எருவும் நீரும் சொரிந்து அதனைக் காக்க முயல்வது வீண் செலவு. மரத்தை வெட்டிவிடலாமென்று மாலி கூறும் யோசனையோ அதனினும் கொடிது. மே மாதத்து அனலில் அம்மரமன்றோ நம் வீட்டுச் சுவரைக் காக்கிறது!

அவ்விடத்திற்கு உரியது, நர்சரிகளில் 'மாண்டோ கிராஸ்' என்னும் பெயரில் விற்கப்படும் செடி. தோற்றத்தில் புல்லேயாயினும் இது புல்லினத்தைச் சேர்ந்ததன்று. நம்மூர்த் தண்ணீர்விட்டான் கொடிக்கு உறவு. சீனம், ஜப்பான் முதலிய நாடுகளின் காட்டு நிழலில் பிறந்தது. 1807-இல் இதன் இனத்திற்குச் சூட்டப்பெற்ற ஓபியோபோகன் என்னும் கிரேக்கப் பெயருக்குப் 'பாம்புத் தாடி' என்று பொருள். பெயரைக் கேட்டு வீட்டுப் பெரியவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. கரும்பச்சை இலைகள் ஒரு சாண் அளவில் வளைந்து நிற்கும். வேரிலுள்ள சிறு கிழங்குகள் நீரைச் சேமித்து வைப்பதால், குழாயில் இரண்டு நாள் தண்ணீர் வாராதொழியினும் செடி தாங்கும். டிசம்பர்க் குளிரில் அருகு வைக்கோல் நிறம் கொள்ளும்போதும் இது பசுமை மாறாது. கத்தரிக்கும் வேலையும் இல்லை.

நடுவதற்குத் தக்க காலம் ஜூலை முதல் மழை. தொட்டிச் செடியை வாங்கி, வேரோடு மூன்று நான்கு குருத்துகள் இருக்குமாறு கையாலேயே பிரித்துக்கொள்க. மரத்தின் பெருவேர்களை வெட்டலாகாது. அவற்றினிடையே களைக்கொட்டினால் சிறு குழிகள் தோண்டி, மக்கிய இலையெரு இட்டு, அரையடிக்கு ஒன்றாக ஊன்றுக. குருத்தின் அடி மண்ணுள் புதைந்தால் அழுகும். முதலாண்டில் கோரை முளைத்து இதனை நெருக்கும். அதனைக் கிழங்கோடு பிடுங்குவதே பெரும்பணி. தரை முழுதும் மூட இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். மார்ச்சில் வேம்பு உதிர்க்கும் சருகை விரல்களால் மெல்லக் கோதி எடுத்தால் போதும். உப்பு மிகுந்த ஆழ்குழாய் நீரை ஊற்றினால் இலை நுனிகள் கருகும். மழைநீரைப் பிடித்து வைப்பவர்கள் அதனை இதற்கு ஒதுக்கலாம். குழந்தைகள் ஓடியாடும் இடத்திற்கு இது ஆகாது; நடக்கும் வழியில் கல் பாவிக்கொள்வது நன்று. பின்னர்த் தோன்றும் நீல மணிகளைச் சிறு குழந்தைகள் வாயிலிடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

மூன்றாண்டில் மாற்றல் உத்தரவு வரும் வீட்டில் மூன்றாண்டு காத்திருக்கும் செடியை எதற்கு நடுவது என்று இல்லத்தரசிகள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. வாடகைக்கும் குவார்ட்டர்ஸுக்கும் பழகிய நம்மவர், பல ஆண்டுகள் ஓரிடத்திலேயே இருந்தும், தொட்டித் துளசிக்கு மேல் ஒன்றும் நடாமல் காலங் கழித்துவிடுவதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். இச்செடியைப் பொறுத்தவரையில் அத்தயக்கத்திற்கு இடமில்லை. புறப்படும் நாளில் இரண்டு கொத்தைப் பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, சாமான்களோடு எடுத்துச் செல்லலாம். இரண்டு மூன்று நாள் இரயில் பயணத்தைத் தாங்கும். சென்னையிலும் நிழலிருந்தால் பிழைக்கும். எஞ்சியது அடுத்து வரும் குடும்பத்திற்கு.

ஒன்று சொல்ல மறத்தலாகாது. பிள்ளையாருக்கு இதன் இலையைப் பறித்துச் சாத்திவிடாதீர்கள். அருகுக்கென்று வெயில் விழும் மாடிப்படியோரம் அகன்ற தொட்டியொன்று தனியே இருக்கட்டும்.