மெசின் வாங்கக் காசு இருக்கிறது, படிப்பிக்கக் காசு இல்லையாம்

கொஞ்சம் நீளமான பதிவு. முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நமதூர் கல்வி நிதிக்குப் போன மாதம் ஒரு விண்ணப்பம் வந்தது. பத்து வருடமாக அரச வைத்தியசாலையில் தாதியாக இருக்கும் நமது சகோதரி ஒருவர், சுகாதார சேவைகளை மேம்படுத்துவது, மதிப்பீடு செய்வது பற்றிய முதுமாணிப் படிப்புக்கு உதவி கேட்டிருந்தார். கூட்டத்தில் நாமும் இருந்தோம். "அது டொக்டர் படிப்பு இல்லையே" என்றார் ஒருவர். "படிச்சிட்டு ஊசிய வேற மாதிரிப் போடுவாவா?" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தோம். விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்டது. வைத்தியசாலைக்கு ஸ்கேன் மெசின் வாங்க வசூல் செய்வது மட்டும் அதே கூட்டத்தில் பத்து நிமிடத்தில் முடிவானது.

முன்பு நாம் வாங்கிக் கொடுத்த மெசின் ஒன்று பொலித்தீன் உறை கழற்றாமல் எத்தனை மாதம் மூலையில் கிடந்தது என்பது நமக்குத் தெரியும். இயக்கப் பயிற்சி பெற்ற ஆள் இல்லை, போட வேண்டிய மருந்துக் கலவை வாங்க ஒதுக்கீடும் இல்லை. வாங்குவதற்கு முன் இதைக் கேட்க வேண்டும் என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கையளிக்கும் படம் மட்டும் எல்லோருடைய முகநூலிலும் வந்தது.

நமது உம்மாமார் சுபஹ் தொழுத கையோடு கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நம்பருக்கு ஒரு வரிசை, பிரஷர் பார்க்க ஒரு வரிசை, டொக்டரிடம் ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. டொக்டர் பார்ப்பதோ இரண்டு நிமிடம். சீனி வருத்தக்காரர்கள், வெறும் வயிறு, லுஹருக்குத் தலை சுற்றி வீடு வருகிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? தாதியைத் திட்டி லைவ் போடுகிறோம்.

அந்தப் படிப்புப் படித்தவர் செய்வது வேறு. ஒரு நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து மருந்தோடு வெளியேறும் வரை எங்கே எத்தனை நிமிடம் நிற்கிறார் என்று எழுதுவார். எல்லோரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லாமல் நேரம் பிரித்துக் கொடுத்துப் பார்ப்பார். சில வாரம் கழித்து மறுபடி அளப்பார். குறையவில்லையா, வேறு வழி தேடுவார். இதற்குக் கட்டடமும் வேண்டாம், பெயர்ப்பலகையும் வேண்டாம். (அதனால்தான் நமக்குப் பிடிக்கவில்லையோ?)

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை" என்பவர்கள் கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையைத் தேடிப் பாருங்கள். 2000ஆம் ஆண்டளவில் பணிப்பாளர் விமல் கரந்தாகொட, ஜப்பானியத் தொழிற்சாலைகளில் இருந்த ஐந்து 'எஸ்' முறையை அங்கே கொண்டுவந்தார். வேண்டாததை அகற்று, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வை, சுத்தம் செய், எல்லா வார்டிலும் ஒரே ஒழுங்காக்கு, அதைப் பழக்கமாக்கு. அவ்வளவுதான். பிறகு ஜப்பானின் ஜெய்க்கா நிறுவனம் அந்த அனுபவத்தைத் தன்சானியா போன்ற ஆபிரிக்க நாடுகளுக்குக் கொண்டுபோனது.

இன்னொன்று. இந்த நாட்டில் பிரசவத்தில் ஒரு தாய் மௌத்தானால் விசாரிக்காமல் விடுவதில்லை. வீடு, வைத்தியசாலை, மாவட்டம், தேசிய மட்டம் என்று பார்க்கிறார்கள். யாரையும் தண்டிக்க அல்ல, எங்கே பிசகியது என்று அறிய. 1940களில் லட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கு மேல் தாய்மார் இறந்தார்கள். அண்மைய காலத்தில் அது முப்பது, நாற்பது என்ற அளவு. இலவச வைத்தியமும் மருத்துவிச்சிமாரும் பெரிய காரணம், உண்மை. ஆனால் ஒவ்வொரு மரணத்தையும் எண்ணி, ஏன் என்று கேட்டதும் காரணம்.

ஆசிரியர்களான நாமும் சுத்தமில்லை. உயர்தரத்தில் பயோ எடுத்த பிள்ளைக்கு டொக்டர் என்ற ஒரே கதவைத்தான் காட்டுகிறோம். டொக்டரானவர்களுக்கும் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ நிர்வாக முதுமாணி இருக்கிறது. நாம் அவர்களிடம் கேட்பது எங்கே செனலிங் செய்கிறீர்கள் என்று மட்டும்தான்.

சகோதரியின் விண்ணப்பம் இன்னும் கோவையில் இருக்கிறது. வரும் ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம். ஸ்கேன் மெசின் வசூலை நிறுத்தச் சொல்லவில்லை, அதை இயக்க ஆள் இருக்கிறாரா என்று எழுத்தில் கேட்கச் சொல்லப் போகிறோம். விண்ணப்பத்தை மறுபடி மேசைக்கு எடுக்கவும் கேட்போம். அன்று சிரித்தவர்களும் வாருங்கள். அவர் முதல் தவணைக் கட்டணம் கட்ட இம்மாதக் கடைசி வரைதான் நேரம்.