பளபளக்கும் விசைகள்



எங்கள் அலுவலகத்தில் எந்த லேப்டாப் யாருடையது என்று பெயர் எழுதி ஒட்ட வேண்டியதில்லை. விசைகளைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். பக்கம் வடிவமைப்பவருடையதில் கன்ட்ரோலும் இசட்டும் மினுங்கும். என்னுடையதில் பேக்ஸ்பேஸ். ஆசிரியர் வேலையே அதுதானே!

“எவ்வளவு துடைத்தாலும் விசைகளில் அந்தப் பளபளப்பு போகவே மாட்டேன் என்கிறதே, என்ன செய்வது?” என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். போகாது அம்மா. ஏனென்றால் அது அழுக்கு அல்ல, தேய்மானம்.

பெரும்பாலான லேப்டாப் விசைகள் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. குழந்தைகள் அடுக்கி விளையாடும் லெகோ கட்டைகளும் அதே பிளாஸ்டிக்தான். புதிதில் விசையின் மேல்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக இருக்கும். அதனால்தான் வெளிச்சம் சிதறி, மங்கலாகத் தெரிகிறது. விரல் படப்பட அந்தச் சொரசொரப்பு மழுங்கி வழுவழுப்பாகிறது. விரலின் எண்ணெய்ப் பசையோடு தூசியும் சேர்ந்தால் தேய்வது இன்னும் வேகமாக நடக்கும். அம்மி மழுங்கினால் கொத்துகிறவரைக் கூப்பிட்டுக் கொத்திக்கொள்ளலாம். விசைக்கு அந்த வசதி இல்லை. பி.பி.டி. என்ற கடினமான பிளாஸ்டிக் இவ்வளவு சீக்கிரம் மினுங்காது. ஆனால் அது தனியாக விற்கும் சில விசைப்பலகைகளில்தான் கிடைக்கிறது, லேப்டாப்பில் அபூர்வம்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களிடம் ஒன்றைக் கவனித்தேன். ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தட்டுகிறவர்களுக்கு முதலில் மினுங்குவது ‘ஏ’ விசை. ‘கடல்’ என்று எழுத அதை இரண்டு முறை தட்ட வேண்டும். ‘அம்மா’வுக்கு மூன்று முறை. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில் உயிர் எழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. ‘க’ என்று தட்டினாலே அகரமும் சேர்ந்து வந்துவிடும். அகர விசைக்கு வேலை குறைவு, கைக்கும் வேலை குறைவு. விசை தேயாமல் இருப்பதற்காக யாரும் தமிழ்99 கற்கப் போவதில்லை என்பது தெரியும். இருந்தாலும் ஒரு காரணம் கூடுதலாகக் கிடைத்தால் நல்லதுதானே.

சரி, காப்பாற்ற வழி? கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு உட்காருங்கள். மிக்சர் கிண்ணம் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும். சானிடைசரோ கைக்குப் பூசும் கிரீமோ காயும்வரை பொறுங்கள். துடைப்பதென்றால் லேப்டாப்பை அணைத்துவிட்டு, மைக்ரோஃபைபர் துணியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் சிறிது நனைத்து மெதுவாகத் துடைக்கலாம். விசைமீது நேராகத் தெளிக்கக் கூடாது. துடைத்ததும் மினுமினுப்பு போனால் அது எண்ணெய். போகாவிட்டால் தேய்மானம், அதோடு விட்டுவிடுங்கள். பற்பசை, பாத்திரம் தேய்க்கும் நார், ‘மேஜிக்’ ஸ்பாஞ்சு எல்லாம் இருக்கிற சொரசொரப்பையும் எடுத்துவிடும். நகப்பூச்சு நீக்கியில் அசிட்டோன் இருந்தால் பிளாஸ்டிக்கே கரையும்.

விசைப்பலகைக்குச் சிலிக்கோன் உறை போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. தூசியையும் சிந்தும் காபியையும் ஓரளவு தடுக்கும், உண்மைதான். ஆனால் சில லேப்டாப்கள் விசைப்பலகை வழியாகவும் வெப்பத்தை வெளியேற்றுகின்றன. மெல்லிய லேப்டாப்பை உறையோடு மூடினால் திரை அழுந்திச் சேதமாகலாம். போட்டே தீருவதென்றால் மூடும்போது கழற்றிவிடுங்கள்.

நான் சிபாரிசு செய்வது ஒன்றுதான்: வீட்டிலும் அலுவலகத்திலும் நீண்ட நேரம் தட்டுவதற்கு ஒரு சாதாரண யுஎஸ்பி விசைப்பலகை வாங்கி இணைத்துக்கொள்ளுங்கள். அது தேய்ந்தால் வேறொன்று வாங்கலாம். இப்போது வரும் பல லேப்டாப்களில் விசைப்பலகை மேல்மூடியோடு சேர்ந்தே பொருத்தப்பட்டிருப்பதால், அதை மட்டும் மாற்றுவது லேசில் முடிகிற வேலை இல்லை. செலவும் கூடும்.

பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தப் பளபளப்பு உபகாரமும் செய்யும். “ஆறு மாசம்தான் சார் ஓடியிருக்கு” என்று விற்பவர் சொன்னால், லேப்டாப்பை வெளிச்சத்தில் சாய்த்து ஸ்பேஸ் பாரையும் ‘ஏ’ விசையையும் பாருங்கள். எஃப், ஜே விசைகளில் இருக்கும் சின்ன மேடுகளைத் தடவுங்கள். மேடு மழுங்கியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். விசைப்பலகையையே புதிதாக மாற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் மற்ற இடங்களையும் பார்த்துவிடுங்கள்.

மினுங்குகிற விசை பழுதான விசை அல்ல. அதனால் வேலை எதுவும் நிற்கப் போவதில்லை. உங்கள் லேப்டாப்பில் எந்த விசை அதிகம் தேய்ந்திருக்கிறது, ஏன் என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். சுவையானவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம். கையெழுத்தில் எழுதி அஞ்சலில் அனுப்பினாலும் சரியே.

அன்புடன்,
ஆசிரியர்