சும்மா கொடுத்த வீடு

தோட்டத்தில் பிறந்தவனுக்கு ‘இலவசம்’ என்றால் என்னவென்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. லயத்து வீடு இலவசம். குழாய்த் தண்ணீர் இலவசம். பிள்ளையை விட்டுவிட்டுப் பால்வெட்டுக்குப் போக ஆயாக் கொட்டகையும் இலவசம். எந்தத் துரையும் வாடகை என்று ஒரு காசு கேட்டதில்லை. கேட்காமல் விட்டதன் விலை என்ன என்பது கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோதும், தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமானபோதும்தான் தெரிந்தது. மூன்று தலைமுறை பிறந்து செத்த வீட்டில் ஒரு பலகைகூட நமக்குச் சொந்தமில்லை. வேலை போனால் வீடு போச்சு, அவ்வளவுதான் கணக்கு. சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான் வரைக்கும் இந்தக் கதை இல்லாத தமிழ்க் குடும்பத்தைப் பேராக்கில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஈப்போவில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, “ஃப்ரீயா கெடைக்குதுண்ணே, டவுன்லோட் பண்ணிட்டு வாசிக்க வேண்டியதுதானே, இதுல என்னா ஆராய்ச்சி?” என்கிறார்கள். எனக்குச் சண்டை இவர்களோடுதான்.

நான் தொழில்முறை இசைக்காரன் இல்லை. வார நாளில் வேலை, வாரக் கடைசியில் கிட்டார். இரண்டு நூறு வெள்ளிக்கு வாங்கிய ஒரு யூஎஸ்பி ஒலிப்பெட்டி, ஒரு மைக், பையன் படித்து முடித்துவிட்டுப் போட்ட பழைய மடிக்கணினி. இவற்றை வைத்துக்கொண்டு வீட்டில் ஒலிப்பதிவு செய்ய இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஆடாசிட்டி, கேக்வாக், பேண்ட்லேப், ஆர்டர், இடையில் எல்எம்எம்எஸ்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 1979இல் டாஸ்காம் நிறுவனம் கேசட்டிலேயே நான்கு தடம் பதியும் போர்ட்டாஸ்டூடியோவை வெளியிட்டபோது அது புரட்சி. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் வீட்டறையில் அதில் பதிந்ததுதான் 1982இல் ‘நெப்ராஸ்கா’ ஆல்பமாக வந்தது. வெறும் நான்கு தடம்! இன்று மேலே சொன்னவற்றில் எதை எடுத்தாலும் அந்தப் பெட்டி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஒலித்தரம் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

தொந்தரவு என்றால் தாமதம்தான். கம்பியைத் தட்டிய பிறகு காதுக்குச் சத்தம் வந்து சேரும் நேரம். கணினி ஒலியைப் பொட்டலம் பொட்டலமாகத்தான் வாங்கும். நொடிக்கு 48,000 மாதிரி எடுக்கும்போது 256 மாதிரிக்கு ஒரு பொட்டலம் என்று வைத்தால் ஒரு வழிக்கு 5 மில்லி விநாடி சொச்சம். 1,024 என்று வைத்தால் 21. போகவும் வரவும் சேர்த்தால் விரல் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். பொட்டலத்தைச் சின்னதாக்கினால் பழைய கணினி மூச்சு வாங்கி ‘டிக் டிக்’ என்று வெடிக்கும். இதற்கு நடுவில் ஓரிடம் பிடிக்க எனக்கு இரண்டு சனிக்கிழமை ஆனது. அதன் பிறகு சாயங்காலம் நாலு மணிக்கு ஈப்போ மழை தகரக் கூரையில் இறங்கும் பாருங்கள், அதற்கு எந்த மென்பொருளிலும் மருந்தில்லை.

சரி, எல்லாமே நன்றாக வேலை செய்கின்றன என்றால் சண்டை எதற்கு?

கேக்வாக்கின் கதையைக் கேளுங்கள். 1987இல் டாஸ் காலத்திலேயே வந்த மென்பொருள் அது. பிறகு சோனார் என்று பெயரெடுத்து, நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்றது. கிட்டார் கம்பெனியான கிப்சன் கைக்குப் போனது. 2016இல் சோனார் பிளாட்டினம் வாங்கியவர்களுக்கு, ‘ஆயுள் முழுக்கப் புதுப்பிப்பு இலவசம்’ என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். 2017 நவம்பரில் கிப்சன் கடையைச் சாத்திவிட்டது. ஆயுள் முழுக்க என்றார்களே, அது யாருடைய ஆயுள் என்று யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. 2018 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை வாங்கி, இரண்டு மாதத்தில் எல்லோருக்கும் இலவசம் என்று திறந்துவிட்டது. உலகம் முழுக்கப் பாராட்டு. வாங்கிப் போட்டவர்களில் நம் ஆட்களும் நிறையப் பேர். 2023இல் மறுபடி அறிவிப்பு: இந்த இலவசப் பதிப்பு நிறுத்தப்படும், இனிமேல் புதிய சோனார், அதற்குக் காசு. பிறகு அந்தச் சோனாரிலேயே ஓர் இலவச அடுக்கையும் கொண்டுவந்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கவனியுங்கள்: விலை போட்டது, விலையை எடுத்தது, மூடியது, திறந்தது, எல்லாமே வேறு யாரோ வேறு எங்கோ உட்கார்ந்து எடுத்த முடிவு. உள்ளே குடியிருந்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த இலவசப் பதிப்பில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. சில மாதங்களுக்கு ஒரு முறை இணையத்தில் போய், கணக்கைத் திறந்து, ‘நான் இன்னும் இருக்கிறேன்’ என்று புதுப்பித்துக்கொள்ள வேண்டும். செய்யாவிட்டால் மென்பொருள் திறக்கும், ஆனால் வேலையைச் சேமிக்க விடாது. தோட்டத்தில் இதற்குப் பெரட்டு என்று பெயர். விடிவதற்கு முன்னால் வரிசையில் நின்று, கிராணி பேர் கூப்பிட்டதும் ‘இருக்கேன்’ என்று சொன்னால்தான் அன்றைக்கு வேலை உண்டு.

இங்கே ஒரு வேடிக்கை. பேண்ட்லேப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான குவோக் மெங் ரூ, உலகின் மிகப் பெரிய பாமாயில் நிறுவனங்களில் ஒன்றான வில்மாரை நிறுவியவர்களில் ஒருவரின் மகன். இதில் சதி எதுவுமில்லை. அவர் கிட்டார் மேல் உண்மையான ஆசையுள்ளவர், கிட்டார்க் கடையே வாங்கி நடத்தியவர். ஆனாலும், கித்தாவைச் சாய்த்துவிட்டுச் செம்பனை வந்ததால் லயத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பையன், செம்பனைக் குடும்பத்தார் சும்மா கொடுத்த இடத்தில் தன் பாட்டைப் போட்டு வைத்திருக்கிறான் என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. உங்களுக்கு வராவிட்டால் பரவாயில்லை.

இதற்கு எதிரே ஆடாசிட்டியை வையுங்கள். 2000இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பர்க் என்ற இருவரிடமிருந்து வந்தது. ஜிபிஎல் உரிமம். அதாவது மூல நிரல் வெளியே இருக்கும். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். 2021இல் இதையும் மியூஸ் குழுமம் என்ற நிறுவனம் கையகப்படுத்தியது. பயன்படுத்துபவர்களின் தகவலைச் சேகரிப்பது பற்றி அவர்கள் எழுதிய கொள்கையைப் பார்த்துப் பெரிய கலவரமே நடந்தது. வித்தியாசத்தைப் பாருங்கள். கோபப்பட்டவர்கள் புலம்பிவிட்டுப் போகவில்லை. நிரலைப் பிரதியெடுத்து, ‘டெனாசிட்டி’ போன்ற பெயர்களில் தனிக் கிளை போட்டார்கள். நிறுவனமும் விளக்கம் சொல்லி, கொள்கையைத் திருத்த வேண்டி வந்தது. துரை மாறினாலும் வீட்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியும் என்றால் துரை கொஞ்சம் மரியாதையாகத்தான் பேசுவார்.

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் நிற்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்த நாளிலிருந்து, நான் விலையைச் சொல்லவில்லை, சுதந்திரத்தைச் சொல்கிறேன் என்று தொண்டை வறண்டு போகும் வரை விளக்கிக்கொண்டிருக்கிறார். தமிழில் அந்தக் கஷ்டமே கிடையாது. இலவச மென்பொருள் வேறு, கட்டற்ற மென்பொருள் வேறு. இரண்டு நல்ல சொற்கள் கையில் இருக்கும்போது நாம் “ஃப்ரீ, ஃப்ரீ” என்று அலைகிறோம்.

“யாருண்ணே கோடு படிக்கப் போறா?” என்று கேட்பார்கள். நானும் படிக்கப் போவதில்லை. ஆனால் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்க வேண்டும். 1990களில் தமிழில் கணினியில் எழுதியவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவில் எழுதினார்கள். ஒருவருடைய குறியேற்றம் இன்னொருவருக்கு ஆகாது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கவிதை கொக்கி கொக்கியாகத் தெரியும். திஸ்கி வந்து, டாப், டாம் வந்து, கடைசியில் ஒருங்குறி வந்த பிறகுதான் மூச்சு வந்தது. அதற்குள் எத்தனை பேருடைய கதையும் கட்டுரையும் பழைய டிஸ்கெட்டுகளில் பிணமாகிப் போயின! எழுதியது நாம்தான், சாவி மட்டும் எழுத்துரு செய்தவனிடம். கேக்வாக்கின் திட்டக் கோப்பும் அப்படித்தான். அதைக் கேக்வாக்தான் திறக்கும். ஆர்டரில் சேமித்தால் ஓர் உறைக்குள் உங்கள் ஒலி சாதாரண வேவ் கோப்புகளாகக் கிடக்கும், பக்கத்தில் எந்தத் தடம் எங்கே என்ற குறிப்பு வெறும் உரைக் கோப்பாக இருக்கும். ஆர்டரே நாளை இல்லாமல் போனாலும் ஒலி உங்களிடம் இருக்கும்.

சினிமாப் பாட்டுக்கு கிட்டார் வாசித்து மூன்று நாள் விருப்பக்குறி வாங்குவதற்கு இதெல்லாம் தேவையில்லை என்பது உண்மை. அது தொலைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. எனக்கு நஷ்டமாகத் தெரிவது வேறு.

புந்தோங்கில் எண்பது வயதைத் தாண்டிய என் பெரியம்மா இருக்கிறார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியைக் கிண்டலடிக்கும் பாட்டு என்று கேட்டால் ஒரு மணி நேரம் பாடுவார். சிலவற்றை அவர் மாமியாரிடமிருந்து கற்றாராம், சிலவற்றை அவராகவே கட்டியிருக்கிறார். நம் தோட்டப்புறப் பாடல்களை அச்சில் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். முத்தம்மாள் பழனிசாமி ‘நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்’ எழுதியது பெரிய காரியம். ஆனால் புத்தகத்தில் சொல் இருக்கும், குரல் எப்படி இருக்கும்? ஒப்பாரியில் அடி முடியும் இடத்தில் பெரியம்மா குரலை ஓர் இழுப்பு இழுத்து உடைப்பார். அதை எந்த எழுத்தில் எழுதுவது?

அவரைப் பதியும்போதுதான் மென்பொருள்களின் இன்னொரு குணம் தெரிந்தது. பெரும்பாலானவை திறந்ததும் நிமிஷத்துக்கு 120 தட்டு, நாலுக்கு நாலு தாளம் என்று கட்டம் போட்டுக் காத்திருக்கும். பேண்ட்லேப் கூடவே ஆயிரக்கணக்கில் ஆயத்தத் துண்டுகளையும் தட்டில் வைத்து நீட்டும். பையன்கள் அதை எடுத்து ஒட்டி, அதன் மேல் கிட்டாரைத் தடவி, ஈப்போவிலிருந்து வந்த பாட்டு என்கிறார்கள். பெரியம்மாவின் பாட்டு எந்தக் கட்டத்திலும் உட்காரவில்லை. மூச்சு இருக்கும் வரை அடி நீளும். நான் கட்டத்தை அணைத்துவிட்டு, குரலை மட்டும் பதிந்து, பிறகு அவர் இழுப்புக்கு ஏற்ப கிட்டாரை இரண்டே கம்பியில் மெல்ல வாசித்தேன். ஆர்டரில் பதிந்ததற்கு ஒரே காரணம், என் பேத்தி இதைத் திறக்க யாரிடமும் அனுமதி கேட்கக் கூடாது என்பதுதான்.

கிட்டாரை வைத்துத் தமிழில் சொந்தமாக ஒன்று செய்ய முடியாது என்பவர்களுக்கு யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினத்தைக் காட்டலாம். ‘சின்ன மாமியே’ பாடியவர், ஈழத்துப் பொப்பிசையின் தந்தை என்று அழைக்கப்படுபவர். சென்னை என்ன நினைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பாட்டு வந்தே இருக்காது. நம்மிடம் அவரிடம் இருந்ததைவிடப் பத்து மடங்கு கருவி இருக்கிறது.

சொந்தம் என்றால் செலவுண்டு. அதையும் பேராக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறது. தோட்டத் துண்டாடல் நடந்து குடும்பங்கள் தெருவுக்கு வந்தபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளி பணத்தில் தோட்டமே வாங்கினார்கள். அதன் பின்னால் வந்த அரசியலையும் வழக்குகளையும் பற்றி எனக்கும் கருத்து உண்டு, அது வேறு கட்டுரை. யோசனை சரியான யோசனை.

ஆர்டரும் ஏறக்குறைய அப்படித்தான் ஓடுகிறது. அதை எழுதிய பால் டேவிஸ் அமேசான் தொடங்கிய காலத்தில் அங்கிருந்த முதல் நிரலாளர்களில் ஒருவர். அதை விட்டுவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக இதைக் கட்டிக்கொண்டிருக்கிறார். மூல நிரல் எல்லோருக்கும் பொது. ஆயத்தமாகச் செய்து கொடுத்த பதிப்பு வேண்டுமென்றால் சிறு தொகை கேட்பார், மாதம் ஒரு டாலர் கொடுத்தாலும் போதும். லினக்ஸ்காரர்களுக்கு அதுவும் இல்லாமல் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது.

இதைச் சொன்னபோது, நானூறு வெள்ளிக்கு மூன்றாவது டிஸ்டார்ஷன் பெடல் வாங்கியிருந்த ஒரு தம்பி முகத்தைச் சுளித்தான். “என்னாண்ணே இது, ஃப்ரீன்னு சொல்லிட்டு நாலு வெள்ளி கேக்குறான்!”