என்னைப் பற்றி நாலு வார்த்தை



"உங்களைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க தம்பி" என்று யாராவது கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கல்லூரியில் பரவாயில்லை, பேர், ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று சொன்னால் முடிந்தது. புத்தகம் படிக்கிறவர்கள் கூடுகிற இடத்தில் அப்படி இல்லை. அங்கே "என்ன படிச்சிருக்கீங்க?" என்பதுதான் கேள்வி. ("பி.காம் மூன்றாம் வருஷம் சார்" என்று பதில் சொல்லி ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன்.)

எனக்கு ஊர் கோவில்பட்டி. தீப்பெட்டி, கடலைமிட்டாய் இரண்டுக்கும் பேர் போன ஊர். எழுத்தாளர்களுக்கும்தான். கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் பக்கத்தில் இடைசெவல் கிராமத்துக்காரர்கள். பூமணி, சோ.தர்மன் எல்லாம் இந்தக் கரிசல்காட்டு ஆட்கள். அதனால் எங்கள் பக்கம் நாலு பேர் சேர்ந்தால் ஒரு வாசகர் கூட்டம் நடந்துவிடும். அப்படி ஒன்றுக்குப் போன வருஷம் முதல் தடவையாகப் போனேன். இருபது பேர் இருந்தார்கள். வரிசையாக அறிமுகம் செய்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. காஃப்கா என்கிறார் ஒருவர். போர்ஹேஸ் என்கிறார் அடுத்தவர்.

என் முறை வந்தது. "புதுமைப்பித்தன், தி.ஜானகிராமன், ஜி.நாகராஜன், அப்புறம் தஸ்தாயெவ்ஸ்கி" என்றேன். இதில் புதுமைப்பித்தன் கதைகள் நாலைந்து படித்தது உண்மை. மற்றதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னதைக் கேட்டுக் கோத்த மாலை. விதி யாரை விட்டது... எதிரே இருந்த ஒரு சார், "மோகமுள் யமுனாவைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார். 1995ல் வந்த படத்தைக்கூட நான் பார்த்ததில்லை. "ரொம்ப ஆழமான பாத்திரம் சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். நல்ல மனுஷன்.

அக்கவுண்டன்சியில் 'விண்டோ டிரஸ்ஸிங்' என்று ஒரு சமாச்சாரம் படிப்போம். வருஷம் முழுக்க வியாபாரம் எப்படி நடந்திருந்தாலும், மார்ச் 31 அன்று கணக்கு பார்க்கிறவர் கண்ணுக்குப் பளபளவென்று தெரிகிற மாதிரி பேலன்ஸ் ஷீட்டை ஜோடித்து வைப்பது. நான் செய்தது அதுதான். (பின்ன, காமர்ஸ் படிக்கிறவன் வேறு என்ன உதாரணம் சொல்வான்? :)) அதுகூடப் பரவாயில்லை என்பேன். நான் சொன்ன பொய்யைவிட, சொல்லாமல் விட்டதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

நான் படிக்கப் பழகியது என் அம்மாவிடம். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் வந்து சோறு பொங்கி வைத்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து ரமணிசந்திரன் நாவலை எடுப்பாள். பஜார் பக்கம் இருந்த ஒரு வாடகை நூலகத்தில் எடுத்த புத்தகம். எடுத்தால் முடிக்காமல் கீழே வைக்கமாட்டாள், நாள் கூடினால் வாடகையும் கூடுமே! கூடவே எனக்கும் ஒன்று எடுத்து வருவாள். ராஜேஷ்குமாரின் க்ரைம் நாவல், இல்லாவிட்டால் பழைய முத்து காமிக்ஸ். 1972ல் சிவகாசியில் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய காமிக்ஸ் அது. நான் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முந்தி, ஆனாலும் மாயாவி மின்சாரத்தில் கை வைத்ததும் மறைந்துபோகிற இடத்தில் எனக்கும் புல்லரித்தது.

இன்னொன்றும் வீட்டில் உண்டு. கல்கியில் பொன்னியின் செல்வன் முதலில் வந்தது 1950 முதல் 1954 வரை. பிறகு அதே பத்திரிகையில் மறுபடியும் தொடராக வந்தபோது, அம்மாவின் அப்பா வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தார். ஓரம் எல்லாம் உதிர்கிறது. நடுவில் ஒரு வாரம் காணோம். வந்தியத்தேவன் ஏதோ ஆபத்தில் இருப்பான், அடுத்த பக்கத்தில் எப்படியோ தப்பித்திருப்பான். எப்படித் தப்பித்தான் என்பதை அம்மாதான் ஒரு கதையாகக் கட்டிச் சொல்வாள். பின்னாளில் முழுப் புத்தகம் வாங்கிப் பார்த்தேன். அம்மா சொன்ன மாதிரி இல்லை. அம்மா சொன்னது நன்றாகவே இருந்தது.

இத்தனையும் அந்தக் கூட்டத்தில் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. ரமணிசந்திரன் என்றால் சிரிப்பார்கள், க்ரைம் நாவல் என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள் என்று பயம். ராஜேஷ்குமார் 1500க்கு மேல் நாவல் எழுதியவர். பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய அந்தப் புத்தகங்களால் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அன்று அங்கே இருந்தவர்களிலும் பாதிப்பேர் அப்படித்தான் தொடங்கியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. ஆனால் எல்லாருடைய அறிமுகமும் நேராகக் காஃப்காவில்தான் ஆரம்பிக்கிறது. பிறந்ததும் ஜெர்மன் பேசியவர்கள் மாதிரி.

சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் சொன்னார். அதில் இரண்டு, படிப்பவர் ஒவ்வொருவருக்கும் அவருக்கென்று ஒரு புத்தகம் உண்டு, புத்தகம் ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று படிப்பவர் உண்டு என்ற பொருளில் வருகிறவை. உயர்ந்த வாசகர், மட்டமான வாசகர் என்று அதில் பிரிவினை கிடையாது. 1948ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னாலும் அவர் உழைப்பு இருக்கிறது. அதன்படிதான் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அம்மாவும்தான் கட்டுகிறாள்.

சரி, அந்தக் கூட்டத்துக்கு வருவோம். எனக்கு அப்புறம் கடைசியாக ஒருவர் எழுந்தார். வயது அறுபது இருக்கும், டீக்கடை வைத்திருக்கிறாராம். "நான் கி.ரா.வோட கோபல்ல கிராமம் மட்டும் ஏழு தடவ படிச்சிருக்கேன். வேற ஒண்ணும் படிச்சதில்ல. அடுத்து எதப் படிக்கலாம்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அவ்வளவுதான், கூட்டமே உயிர் பெற்றுவிட்டது. அதுவரை பட்டியல் சொல்லிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கோபல்லபுரத்து மக்கள் படிக்கவில்லையா, அதற்குத்தானே 1991ல் சாகித்ய அகாதெமி என்கிறார் ஒருவர். அழகிரிசாமி கதைகளைக் கொடுங்கள் என்கிறார் இன்னொருவர். கடைசியில் அவர் பூமணியின் வெக்கையை வாங்கிக்கொண்டார். 2019ல் வந்த அசுரன் படம் அந்தக் கதைதான் என்று யாரோ சொன்னதும், "அப்ப எத மாத்திட்டான்னு பாத்துருவோம்" என்று பையில் போட்டுக்கொண்டார்.

கி.ரா. தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதும் இந்த ரகம்தான். மழைக்காகப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கியதாகவும், அப்போதும் பாடத்தைக் கவனிக்காமல் மழையையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டதாகவும் சொல்வாராம். அவர்தான் பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார்.

பட்டியலே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. யாரோ ஒருத்தர் சொன்ன பட்டியலில் இருந்துதான் அப்புறம் நான் ஜி.நாகராஜனை உண்மையாகவே தேடிப் படித்தேன். "நான் எதுவுமே படிச்சதில்லீங்க" என்று அதையும் ஒரு பெருமையாகச் சொல்லித் திரிகிறவர்களும் உண்டு, அதுவும் ஒரு ஜோடனைதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. புதிதாக வருகிறவரிடம் "பிடித்த எழுத்தாளர்கள் யார்?" என்று கேட்காதீர்கள். பொய்தான் வரும். கடைசியாக என்ன படித்தீர்கள், அது உங்கள் கைக்கு எப்படி வந்தது, முடித்தீர்களா, பாதியில் வைத்துவிட்டீர்களா என்று கேளுங்கள். பாதியில் வைத்ததற்கு அவர் சொல்கிற காரணத்தில் அந்த ஆளை நன்றாகவே தெரிந்துகொள்ளலாம்.

அந்த இருபது பேரில் பெண்கள் இரண்டே பேர். எங்கள் தெருவில் மட்டும் நாவல் மாற்றி மாற்றிப் படிக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் தங்களை 'வாசகர்' என்று நினைத்துக்கொள்வதே இல்லை.

போன மாதக் கூட்டத்தில் என் அறிமுகத்தைத் திருத்திச் சொன்னேன். மாயாவி, ராஜேஷ்குமார், காணாமல் போன அந்த ஒரு வாரம், எல்லாவற்றையும். யமுனா விஷயத்தையும் ஒப்புக்கொண்டேன். அந்த சார் மறுபடியும் சிரித்தார். யாரும் உதட்டைப் பிதுக்கவில்லை. ஒரு அக்கா மட்டும், "அம்மாவையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்களேன்" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "அங்கன எங்கிட்ட ஏதும் கேள்வி கேப்பாகளாய்யா?"