நர்ஸம்மா மேஜையில் ஒரு நம்பர்

அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து, மாத்திரை, சாப்பாடு எல்லாம் இலவசமாகக் கொடுக்கிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால், இனி பிழைக்க மாட்டோம் என்று தெரிந்துவிட்ட நோயாளிக்கு, தன் மதத்துப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை ஓத மாட்டாரா என்றிருக்குமே, அதற்கு யாரைக் கூப்பிடுவது?

மாமியாருக்குத் துணையாக வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் எட்டு நாள் இருந்தேன். அடுத்த கட்டிலில் ஒரு முஸ்லிம் பாட்டி. கூட மகள் மட்டும். ஒரு ராத்திரி பாட்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும், "அக்கா, யாசீன் ஓத ஒரு அஜரத்து கிடைப்பாங்களா?" என்று அந்தப் பொண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் தெரியாத இடத்தில் பள்ளிவாசலை எங்கே தேடுவது? டீக்கடைக்காரர் சொல்லியனுப்பி ஒரு பெரியவர் வந்தார். பெண்கள் வார்டுக்குள் அந்நேரத்தில் ஆண்கள் போகக் கூடாதென்று வாட்ச்மேன் தடுத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, விதி அப்படி. பெரியவர் ஜன்னலுக்கு வெளியே நின்று ஓதிவிட்டுப் போனார்.

2024 ஜூனில் கருணாபுரம் விஷச்சாராயத்தால் பாதிக்கப்பட்டவர்களை சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று அள்ளிக்கொண்டு போனார்களே, துணைக்குப் போன எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அங்கே கோவில் தெரியுமா, சர்ச் தெரியுமா?

நம் ராணுவத்தில் பண்டிட், மௌலவி, பாதிரியார், சீக்கிய கிரந்தி என்று சம்பளத்துக்கே மதகுருமார்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் முஸ்லிம், இந்து நோயாளிகளுக்கும் ஆள் வைத்திருக்கிறார்கள். அங்கே நம்மவர்கள்தானே சிறுபான்மை!

"அரசாங்கப் பணத்தில் மதமா?" என்கிறார் என் வீட்டுக்காரர். சம்பளமே வேண்டாங்க. அந்தந்த ஊர் பள்ளிவாசல், சர்ச், கோவில் போன் நம்பர்களை நர்ஸம்மா மேஜையில் எழுதி ஒட்டட்டும். வருபவருக்கு ஒரு அனுமதிச் சீட்டு கொடுக்கட்டும். பெண்கள் வார்டுக்கு ஓதத் தெரிந்த ஆலிமாவோ, கன்னியாஸ்திரியோ வந்தால் இன்னும் நல்லது. நோயாளியோ வீட்டாரோ கேட்டால் மட்டும்தான் வரணும். கேட்காத கட்டில் பக்கம் திரும்பக் கூடாது. மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சுக்கும் இடமிருக்காது.

கல்வராயன்மலைக்காரர்களுக்கு இது போதாது. கரியராமனைக் கும்பிடும் மலையாளிப் பழங்குடி சனத்தின் பூசாரி, வெள்ளிமலையிலிருந்து ராத்திரியில் எப்படி இறங்கி வருவார்? கடைசி பஸ்ஸை விட்டால் விடியணும். அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரையாவது, பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் உள்ளே விட்டு, சாமியை வேண்டி நெற்றியில் இட்டுவிட்டுப் போகச் சொல்லலாமே?

- ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி.