வேலைப்பித்தும் மனிதவளப் பிரிவின் பொறுப்பும்

இரவு பத்து மணியானதும் அலுவலக விளக்குகளை அணைத்துவிடுவதென ஜப்பானின் மிகப்பெரிய விளம்பர நிறுவனமான டென்சு 2016 ஒக்டோபரில் தீர்மானித்தது. அங்கு பணியில் சேர்ந்து ஒரு வருடம்கூட நிறைவடையாத 24 வயது யுவதியொருவர் 2015 டிசம்பரில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டமைக்கு மிதமிஞ்சிய வேலையே காரணமென அந்நாட்டுத் தொழில் அதிகாரிகள் ஏற்றுக்கொண்டதையடுத்தே இந்த நடவடிக்கை எடுக்கப்பட்டது. இதே நிறுவனத்தின் மற்றொரு 24 வயது ஊழியர் 1991 இல் இவ்வாறே உயிரிழந்திருந்தார். அதற்கு நிறுவனமே பொறுப்பென ஜப்பானிய உயர் நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தும் இருந்தது. அத்தீர்ப்பின் பின்னரும் அந்நிறுவனத்தின் போக்கு மாறவில்லை என்பதே விசனத்துக்குரியது.

விளக்கை அணைப்பதால் வேலை குறைந்துவிடுவதில்லை. அது ஊழியருடன் வீட்டுக்குச் செல்கிறது. வேலைக்கு அடிமையாதல் தனிநபரின் சுபாவம் எனக் கூறி முகாமைத்துவங்கள் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். வேலையை விட்டு ஒரு கணமும் இருக்க இயலாதவர்கள் இருக்கவே செய்கின்றனர். ஆனால், உயிரே போனாலும் கைக்கொண்ட பணியை விடலாகாதென்ற பொருள்படும் விதியொன்று 1951 இல் எழுதப்பட்டு, டென்சு ஊழியர்களின் கைநூலில் பல தசாப்தங்களாக இடம்பெற்றிருந்தது. அவ்வாறான இடத்தில் எது சுபாவம், எது பயிற்றுவிக்கப்பட்டது என்று பிரித்தறிவது எங்ஙனம்? மேற்படி மரணத்தின் பின்னரே அவ்விதிகள் கைநூலிலிருந்து நீக்கப்பட்டன.

2018 இல் நிறைவேற்றப்பட்ட ஜப்பானியச் சட்டம் மேலதிக நேர வேலையை மாதத்துக்கு 45 மணித்தியாலங்களாக மட்டுப்படுத்தியது. எனினும் விசேட சந்தர்ப்பங்களில் ஒரு மாதத்தில் 100 மணித்தியாலங்களுக்குச் சற்றுக் குறைவாக வேலை வாங்க இடமுண்டு. உயிரிழந்த யுவதியின் மேலதிக வேலை மாதத்துக்குச் சுமார் 105 மணித்தியாலங்கள் என அதிகாரிகள் கணித்திருந்தனர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

அதே சட்டத்தின் மற்றோர் ஏற்பாடு அதிகம் பேசப்படுவதில்லை. பத்து நாட்களோ அதற்கு மேலோ வருடாந்த விடுமுறைக்கு உரித்துடைய ஊழியர் அதில் ஐந்து நாட்களையேனும் பெறுவதைத் தொழில்தருநரே உறுதிசெய்ய வேண்டும். விடுமுறை எடுக்காமை ஊழியரின் அர்ப்பணிப்பாக அன்றி, தொழில்தருநரின் தவறாகவே இங்கு கருதப்படுகிறது. மனிதவளப் பிரிவுகள் தொடங்க வேண்டிய இடமும் இதுவே. உளவள ஆலோசனை வகுப்புகளை நடத்துவது இலகு. ஆனால், இரவு வரை தங்கியிருப்பவருக்கே பதவியுயர்வு என்ற நிலை நீடிக்கும்வரை அவ்வகுப்புக்குச் செல்லவும் எவருக்கும் நேரமிராது. விடுமுறையே எடுக்காத ஊழியருக்கு விருது வழங்குவதற்குப் பதிலாக, அவருடைய முகாமையாளரிடம் மனிதவளப் பிரிவு விளக்கம் கோரட்டும்.