மகள் கொண்டு வந்த மண்புழு



வரக்காப்பொலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்தால் போதும், முற்றமெல்லாம் மண்புழு. "சீ, தொடாதே!" என்று பிள்ளைகளை உள்ளே இழுத்துவிட்டு, அட்டைக்குப் போடுவது போல அதற்கும் உப்புத் தூவுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

தரம் 4இல் படிக்கும் மகள் ஒருநாள் வகுப்பில் செய்த போத்தலொன்றைக் கொண்டு வந்தாள். மண் ஒரு படை, மணல் ஒரு படையாக நிரப்பி, மேலே வாடிய இலைகள். உள்ளே நான்கு மண்புழுக்கள். அருவருப்பில் அப்படியே கானில் கொட்டிவிட்டேன். "உம்மா, அது எங்கட பாடம்!" என்று அழுதாள். டீச்சர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததை நான் ஒரு நொடியில் கெடுத்துவிட்டேன்.

மறுநாள் இருவருமாக இன்னொரு போத்தல் செய்தோம். புழு தோலால் சுவாசிக்கிறது, அதனால் மண் ஈரமாக இருக்க வேண்டும். வெளிச்சம் ஆகாது, கறுப்புத் துணி சுற்ற வேண்டும் என்று அவளே சொல்லித் தந்தாள். இரண்டு வாரத்தில் மண்ணும் மணலும் கலந்துவிட்டன. இலைகள் உள்ளே இழுபட்டிருந்தன. புழுவை வெட்டினால் இரண்டு புழுவாகும் என்று நான் நம்பியிருந்ததும் பிழையாம். வால் துண்டு செத்துவிடும்.

சென்னை நியூ கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில், மண்புழு ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். எரு செய்ய வெளிநாட்டுப் புழு தேவையில்லை, அந்தந்த மண்ணின் புழுவே போதும் என்று எடுத்துச் சொன்னவர். ஆகவே நமக்குக் காசு செலவில்லை.

நிழலான இடத்தில் ஒரு குழி வெட்டுங்கள். மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டைக் கோது போட்டு, இறப்பர் மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் சருகால் மூடுங்கள். மீன் முள், எண்ணெய், மிஞ்சிய கறி, தேசிக்காய்த் தோல் வேண்டாம். சில மாதங்களில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல கூட்டெரு கிடைக்கும்.

2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நம் நாட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் இப்படி உக்கக்கூடியதுதான். அது நம் குசினியிலிருந்தே போகிறது.

நாளை உங்கள் பிள்ளையும் கையில் ஒரு புழுவோடு வரலாம். முகம் சுளிக்காதீர்கள். "இது என்ன செய்யும், சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். பிறகு இருவருமாகக் கை கழுவிக்கொள்ளலாம்.